கடல் தாண்டித் திரும்பிய பருத்தி

நாட்டுப் பருத்திச் செடி ஒன்றைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வர வேண்டும். இந்த வேலையைக் கொடுத்தவர் டாக்டர் லிம். சிங்கப்பூரில் செடிகளை ஆராயும் தோட்டம் ஒன்றில், கண்ணாடிக் கூரை போட்ட வீடுகளுக்குள் தொட்டிகளுக்கு மண் போட்டுத் தண்ணீர் விடுகிறவன் நான். அவர் அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும், "அடுத்த லீவில் போகும்போது உங்கள் ஊர்ப் பழைய பருத்தி எங்காவது நிற்கிறதா என்று பாருங்கள். விதை, இலை எதுவும் எடுத்து வரக்கூடாது, சட்டம் விடாது. படம் போதும்" என்றார்.

என்னுடைய சொந்த வேலை ஒன்றும் இருந்தது. என் பெர்மிட் இந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. கல்யாணம் செய்துகொள்ளாதவன், அப்பா அம்மா இல்லை. சோமனூரில் இருக்கும் தெய்வானை அக்காவிடம், "திரும்பி வந்து உன் வீட்டோடு இருந்துகொள்ளட்டுமா?" என்று கேட்க வேண்டும். ஆறு நாள் லீவில் ஒரே ஒரு கேள்விதான். ஆனால் எனக்குக் கேட்கவே வராது. பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் வேண்டும் என்று கேட்காமலேயே எழுந்து வந்து பழகியவன்.

விமானத்தை விட்டு இறங்கி அவினாசி ரோட்டுக்கு வந்ததும் முதல் தப்பு நடந்தது. வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். சோமனூர் போகிறவர்கள் இறங்கும் கருமத்தம்பட்டியில் அது நிற்குமா என்று யாரையும் கேட்கவில்லை. கருமத்தம்பட்டி ஜன்னல் வழியாகப் பின்னால் போனபோதுதான் எழுந்து நின்றேன்.

கண்டக்டர் என் பெட்டியையும் என்னையும் பார்த்தார். "ஏனுங்க, இது சேலம் வண்டிங்க. ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கல்ல?"

"ஆமாங்க."

"வாயத் தொறந்தா காத்தா போயிருமுங்க? செரி, அவினாசியில எறக்கி உடறேன். மறுக்கா டவுன் பஸ்ஸப் புடிச்சு வாங்க."

பின் ஸீட்டில் இருந்த ஒரு அம்மா, "பாவம், உடுங்க கண்டக்டரு. வெளியூர் ஆளாட்ட இருக்குது" என்றார். கண்டக்டர் திட்டியதை விட எனக்கு இதுதான் சுருக்கென்றது. நான் பிறந்தது அந்த இடத்திலிருந்து ஏழெட்டு மைல் தூரத்தில்.

சிங்கப்பூரில் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எங்கே ஏற வேண்டும், எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று எல்லாவற்றையும் பலகையே சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் அங்கே ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவினாசியில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டேன். பன்னுக்குள் இருக்கும் சிவப்பு டூட்டி ஃப்ரூட்டியை முதலில் பொறுக்கித் தின்பது அக்காவின் பழக்கம். என்னுடையதிலிருந்தும் பொறுக்கிக்கொள்வாள். "உனக்கு வேணும்னா கேக்கறதுதானே?" என்பாள். நான் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லாச் சிவப்பையும் நானே தின்றேன். அப்படி ஒன்றும் ருசி இல்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "வா தம்பி" என்றாள். பித்தளைச் சொம்பில் தண்ணீர் வந்தது. நாற்காலியை ஒரு துணியால் துடைத்துப் போட்டாள். கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு. எங்கள் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம். ஒறம்பரைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தாள். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

இரண்டாம் நாள் காலை தறிச் சத்தத்தில் விழித்தேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறி. மாமாவும் இரண்டு ஆட்களும் உள்ளே. அந்தச் சத்தத்தில் பேச முடியாது, ஆளை ஆள் பார்த்துக் கையால்தான் பேசுவார்கள். எனக்கு ஏற்ற இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் போட்டாள் அக்கா. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் வீட்டில் தட்டை வட்டல் என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் அவரவர் வட்டலை அவரவர்தான் கழுவ வேண்டும். அம்மா போட்ட சட்டம் அது.

அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "வெய்யி கண்ணு. ஒறம்பரை வந்தவன் வட்டலக் கழுவுனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பருத்தியைப் பற்றிச் சொன்னேன்.

"பருத்திச் செடியப் பாக்கறதுக்கா ப்ளேன் ஏறி வந்தே?" என்று சிரித்தாள். "நம்ம அம்மா எத்தன வருசம் பருத்தி எடுத்தா! நானும் நீயும் மடியில கட்டிட்டுப் பின்னாலயே போவோம். அப்ப ஒருத்தனும் வந்து போட்டோ புடிக்கல. இப்ப இந்தப் பக்கம் ஒரு பருத்திக் காடுகூட இல்ல. அந்தம்மாவுக்கு எதுக்குடா இது?"

டாக்டர் லிம் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை அக்காவிடம் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு உயிருக்குள்ளும் ஒரு பெரிய புஸ்தகம் இருக்கிறது. இலை எப்படி, பூ எப்படி என்று எல்லாம் அதில்தான். ஜீனோம் என்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. ஆதியில் சின்னதாக இருந்த புஸ்தகம் எப்படிப் பெரிதானது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"எப்படிப் பெருசாச்சாம்?"

"பாத்து எழுதறப்ப சில சமயம் ஒரே பக்கத்த ரெண்டு தடவ எழுதிருதாம். அடுத்து எழுதறது அதப் பாத்துத்தானே எழுதும்? அப்புறம் எல்லாத்துலயும் ரெண்டு."

அக்கா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அட, நம்ம இம்போசிசன்!"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடத்தைப் பத்துத் தடவை எழுதி வரச் சொன்னார் வாத்தியார். பாதியை அக்கா எழுதித் தந்தாள். ஆறாவது தடவையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பத்தியை இரண்டு முறை எழுதிவிட்டாள். ஏழாவதை ஆறாவதைப் பார்த்து எழுதினாள். ஒன்பதாவதில் இன்னொரு பத்தியும் இரட்டித்தது. வாத்தியார் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏண்டா, உன் பாடம் மட்டும் வளந்துட்டே போகுது?" என்றார். என் கை சிவந்தது. அக்காதான் எழுதினாள் என்று நான் சொல்லவில்லை.

"நீ எங்க சொன்னே?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்ததால் வந்த தண்ணீர்தான். "நானா வந்து சொல்றதுக்குள்ள எல்லா அடியும் வாங்கிப்போட்டே."

மிச்சத்தையும் அக்காவிடம் சொன்னேன். அந்த இரட்டைப் பக்கத்தில் ஒன்று பழைய வேலையைச் செய்யும். மற்றதற்கு வேலை கிடையாது. அதில் எழுத்து மாறினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் அது வீணாய்ப் போகும், எப்போதாவது புதிதாக ஒன்றுக்கு உதவும். தன்னைத் தானே நகல் எடுத்துக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் துண்டுகளும் உண்டு. நோய்க்கிருமி தன் எழுத்தை உள்ளே விட்டுப் போவதும் உண்டு. எப்போதாவது அபூர்வமாக, இரண்டு செடிகளின் முழுப் புஸ்தகமும் ஒரே அட்டைக்குள் சேர்ந்துவிடும். பருத்தியில் நடந்தது அதுதான்.

நம் நாட்டுப் பருத்திக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் விதை, பத்து லட்சம் வருஷத்துக்கும் முன்னால், கடல் தாண்டி அமெரிக்கக் கரைக்குப் போயிருக்கிறது. மிதந்து போயிருக்கலாம், பார்த்தவர் யாரும் இல்லை. அங்கே இருந்த காட்டுச் செடியோடு அது கலந்தது. அந்தக் காட்டுச் செடியில் நூற்கிற மாதிரி பஞ்சே கிடையாதாம். இரண்டு புஸ்தகமும் சேர்ந்து, நம்முடையதை விடப் பெரிய புஸ்தகத்தோடு ஒரு புதுப் பருத்தி வந்தது. இன்று உலகத்தில் மில்லுக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பருத்திதான். வெள்ளைக்காரர் காலத்தில் அது கப்பலேறி நம் ஊருக்கும் வந்து, போகாமல் இங்கேயே இருந்த பழைய பருத்தியை ஓரம் கட்டிவிட்டது. டாக்டர் லிம் பார்க்க விரும்பியது அந்தப் போகாத செடியை.

"இருந்த எடத்துலயே இருந்தவள யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் தேடல். காலையில் துடியலூர். ஒரு காலத்தில் அம்மாவும் நாங்களும் பருத்தி எடுக்கப் போன காடு அங்கே இருந்தது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். காவல்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். பருத்தி என்று சொல்ல வெட்கப்பட்டு, அட்ரஸ் மாறி வந்துவிட்டேன் என்றேன்.

அங்கிருந்து உக்கடம் பக்கம் ஒரு பழைய தெருவுக்குப் போனேன். மெத்தை தைக்கும் கடை. கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும், மீசையிலும் புருவத்திலும் பஞ்சு. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவராகவே, "வாங்க, மெத்தைங்களா, தலகாணிங்களா?" என்றார்.

"நாட்டுப் பருத்திங்க."

"அது இப்ப எங்கீங்க கெடைக்குது? என்ர வாப்பா இருந்தப்ப வரும். குட்டைப் பஞ்சு, மொரட்டுப் பஞ்சு. மெத்தைக்குள்ள போட்டா அமுங்கவே அமுங்காது." தலையணை ஒன்றை ஓங்கித் தட்டினார். "இத விடுங்க, இது நாலு மாசத்துல தோசையாப் போயிரும்." பிறகு யோசித்தார். "கொடுமுடியில ஒரு அம்மா கோயிலுக்கு வெளக்குத்திரி திரிச்சுக் குடுக்கறாங்க. ஊட்டுப் பொறவடையில பருத்தி மரமாட்ட நிக்குதுங்க. ஆதிகாலத்துச் செடின்னாங்க." பொறவடை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்புறம், கொல்லை.

பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் தால்ச்சா வேண்டியிருந்தது. பேசாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் கொடுமுடி என்றதும் அக்காவின் முகம் மாறியது. "நானும் வாரேன்" என்றாள். "காவேரியில அம்மாவுக்குத் திதி குடுத்துப்போடலாம். ஒம்போது வருசமாச்சு. பெத்த பையன் ஒரு தடவகூடக் குடுக்கல."

நான்காம் நாள். ஈரோடு வரை பாசஞ்சர் ரயில், அதன் பிறகு பஸ். ஊஞ்சலூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பஞ்சர். எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். எங்கோ மஞ்சள் வேகவைக்கும் வாசனை வந்தது. ஒரு பெரியவர் டிரைவரிடம், "டயரா அது? என்ர மண்டையவிட வழுவழுன்னு இருக்குது" என்றார். கூட்டமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. புளியமர நிழலில் நின்று என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா செத்தப்ப ஏண்டா வரல?"

ஒன்பது வருஷமாக இதை அவள் கேட்டதில்லை. லீவு தரவில்லை என்று போனில் அப்போது சொல்லியிருந்தேன்.

"லீவு குடுக்கலன்னு சொன்னது பொய்க்கா."

"அப்புறம்?"

"நான் கேக்கவே இல்ல. சூப்பர்வைசர் ரூம் வாசல்ல ரெண்டு தடவ போயி நின்னேன். உள்ள யாரோடயோ பேசிட்டிருந்தாரு. திரும்பி வந்துட்டேன். அதுக்குள்ள நீ போன் பண்ணி எடுத்தாச்சுன்னு சொல்லிட்டே."

அக்கா இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கேட்டிருந்தா உட்டிருப்பாங்களா?"

"தெரியலக்கா."

"அதாண்டா எனக்கு வயிறெரியுது. இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட ஆறியிருக்கும்."

டயர் மாற்றியாகிவிட்டது என்று கண்டக்டர் விசில் அடித்தார். பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் பழைய வேலையைப் பார்த்தது. அம்மாவைக் குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது, கடைசியில் எடுத்துப் போகவும் ஆள் கூட்டியது. அது இருந்த தைரியத்தில்தான் இன்னொரு பக்கம் எங்கேயோ போய்த் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் லிம் சொன்னபோது வேலையில்லாத பக்கத்தின் கதை எனக்குப் பிடித்திருந்தது. மற்றதை நான் யோசித்ததே இல்லை.

கொடுமுடியில் அமாவாசைக் கூட்டம் இல்லை. காவிரியில் முழங்கால் அளவு தண்ணீர். ஐயர் சொன்னதைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டேன். அம்மாவின் பெயரைச் சொல்லும்போது குரல் வரவில்லை. படியில் நின்ற அக்கா எனக்காகச் சத்தமாகச் சொன்னாள்.

திரி திரிக்கும் அம்மாவின் வீடு கோயிலுக்குப் பின் தெருவில். பாப்பம்மாள் என்று பெயர். கொல்லையில் அந்தச் செடி ஓட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டு மரமாகவே நின்றது. மஞ்சள் பூ, வெடித்த காய்கள்.

"எங்க மாமியாருக்கு மாமியார் காலத்துலருந்து இருக்குதுங்க" என்றார் பாப்பம்மாள், மடியில் பஞ்சை வைத்துத் திரி திரித்துக்கொண்டே. "சுத்தமான நாட்டுப் பருத்திங்க. சாமிக்கு வேற பஞ்சு போடறதில்லீங்க. கடைப் பஞ்செல்லாம் சீமைப் பருத்தி, தீட்டு."

படம் எடுத்தேன். இலை நான் எதிர்பார்த்ததை விடப் பெரிதாக, அகலமாக இருந்தது. ஒரு காயைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். பஞ்சை விலக்கியதும் கொட்டைகள் தனித்தனியாக உதிரவில்லை. பல் வரிசை போல ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. கொட்டைகள் இப்படி ஒட்டியிருந்தால் அது அமெரிக்காவில் உண்டான ஜாதி என்று டாக்டர் லிம் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். "என்னடா?" என்றாள் அக்கா. ஒன்றுமில்லை என்றேன். "மறுக்காவும் ஆரம்பிச்சுட்டியா? வாயத் தொறந்து சொல்லு."

சொன்னேன். "ஏனுங்க, தப்பா நினைக்காதீங்க. இது நாட்டுப் பருத்தி இல்லீங்க. இதுவும் கடல் தாண்டி வந்ததுங்க."

பாப்பம்மாளின் கை நின்றது. "இதுவா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இத்தன வருசமா நாங்க சாமிக்குப் போட்டது சீமைப் பருத்தியா?"

நான் சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. திக்கித் திக்கி மற்றதையும் சொன்னேன். நம்ம செடிக்குச் சொந்தமான ஒன்று அங்கே போனதும், கலந்ததும், இரட்டித்ததும், திரும்பி வந்ததும்.

"அப்ப பாதி நம்முளுதுதானே?" என்று குறுக்கிட்டாள் அக்கா.

"ஆமாக்கா. பாதி அந்தச் சொந்தக்காரச் செடியோடது."

பாப்பம்மாள் மரத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ புதிதாக வந்த மருமகளைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு மடியில் இருந்த பஞ்சை எடுத்து விட்ட இடத்திலிருந்து திரிக்கத் தொடங்கினார். "போறதும் வாரதும் அதும்பாடு. எங்க கொல்லையில காய்க்குது, எங்க சாமிக்கு எரியுது. நீங்க காப்பி குடிக்கறீங்களா?"

காப்பியோடு எள்ளுருண்டையும் வந்தது. இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும் ரயிலில் படங்களை அனுப்பினேன். டாக்டர் லிம்மிடமிருந்து உடனே பதில் வந்தது. "நான் தேடியது இதுவல்ல. ஆனாலும் அழகான செடி. அந்த அம்மாவுக்கு என் வணக்கம்." போகாத செடி எங்கே நிற்கிறது என்று இந்தப் பயணத்தில் எனக்குத் தெரியவில்லை.

திருப்பூர் தாண்டியதும் பெட்டி காலியானது. அடுத்து இறங்க வேண்டியது சோமனூர். இதற்கு மேல் தள்ளிப்போட இடம் இல்லை.

"அக்கா, வருசக் கடைசியில எனக்கு அங்க வேலை முடியுது. நான் இங்க வந்துரட்டுமா? உங்க ஊட்டோட இருந்துக்கட்டுமா?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ. மறுபடி கேட்கலாமா என்று வாயைத் திறந்தபோது ஸ்டேஷன் வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் இறங்கிப் போனாள்.

வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பித்தளைச் சொம்பு வரவில்லை. நாற்காலியை யாரும் துடைக்கவில்லை. அக்கா நேரே அடுப்படிக்குப் போய் அரிசியும் பருப்புமாகச் சாதம் வைத்தாள். நானும் மாமாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நெய் போதவில்லை. "நெய்" என்றேன். ஊற்றினாள்.

"உங்க மச்சான் வருசக் கடைசியில வந்துருவான்" என்று மாமாவிடம் சொன்னாள், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வது போல. "அந்தப் பொறவடை ரூம்ல கெடக்கற நூல் மூட்டையெல்லாம் எடுத்துப்போடோணும்."

மாமா தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போனார். நான் சாப்பிட்டு முடித்து, கை காயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"எந்நேரம்டா குக்கிட்டே இருப்பே?" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வட்டலக் கழுவி வெச்சுப்போட்டு, அப்படியே மாமனோடதையும் கழுவிரு."

இரண்டு வட்டலையும் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். தறிச் சத்தத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவே இல்லை.